பழைய கட்டிலை விற்றதற்கும் வரியா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 9

வீடு மாறும்போது கட்டில், தையல் இயந்திரம், பிள்ளைகள் வளர்ந்த பிறகு சும்மா கிடந்த மிதிவண்டி, இரண்டு பெட்டி புத்தகங்கள் என்று 37 பொருட்களை இணையத்தில் விற்றேன். ஒன்றுகூட வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போகவில்லை. இப்போது அந்தத் தளம் என் வரி அடையாள எண்ணைக் கேட்கிறது. கொடுக்காவிட்டால் பணத்தை நிறுத்திவைப்பார்களாம். பழைய கட்டிலை விற்றதற்கும் வரியா?

ஆகஸ்ட் 9, இரவு

இல்லை. எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஆகஸ்ட் 10

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அதற்குள் நான்கு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாக.

வருமான வரி கைக்கு வந்த பணத்தின்மேல் விழுவதில்லை, ஆதாயத்தின்மேல் விழுகிறது. நூறுக்கு வாங்கியதை முப்பதுக்கு விற்றால் எழுபது போய்விட்டது என்பதுதான் கணக்கு. அந்த முப்பது நீங்கள் ஏற்கெனவே வரி கட்டிய சம்பளத்தின் மிச்சம், கட்டில் வடிவத்தில் சில ஆண்டுகள் வீட்டில் கிடந்தது, அவ்வளவே. நான் படித்துப் பார்த்த எந்த நாட்டுச் சட்டமும் இதை வருமானம் என்று சொல்லவில்லை.

அப்படியானால் தளம் ஏன் எண் கேட்கிறது? வரித்துறையிடம் கணக்குக் கொடுக்க வேண்டியது இப்போது தளத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் விவரம் சேர்க்கத் தொடங்கி, முதல் அறிக்கையை 2025 ஜனவரி 31க்குள் கொடுத்தார்கள். பொருள் விற்பவர்களுக்கு வரம்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: ஓர் ஆண்டில் 30 விற்பனைக்குக் குறைவாகவும் மொத்தம் 2,000 யூரோவுக்கு மிகாமலும் இருந்தால் உங்கள் பெயர் போகாது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் போகும். கேள்வி கேட்டவர் 37 விற்றிருக்கிறார். ஐரோப்பாவில் இருந்தால் எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டார், தொகையில் அல்ல. இரண்டு பெட்டி புத்தகங்களை ஒவ்வொன்றாக விற்காமல் பெட்டியோடு தள்ளியிருந்தால் தளம் வாயே திறந்திருக்காது.

தளம் உங்கள் பெயரை அனுப்புவது வேறு, நீங்கள் வரி கட்ட வேண்டியிருப்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதிப்பேர் இரவில் புரண்டு படுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று கேட்கிறார்கள். சொல்லமாட்டேன். சொன்னால் எல்லோரும் அந்த விதியையே பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள். உங்கள் விதி உங்கள் நாட்டுடையது. நான் எழுதுவது எல்லா நாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகிற எலும்புக்கூடு.

ஆகஸ்ட் 14

அமெரிக்காவிலிருந்து ஒருவர்: பழைய சோபாவை விற்றேன், விற்பனைத் தொகையைக் குறித்துத் தளம் எனக்கும் வரித்துறைக்கும் அனுப்பும் 1099-கே என்ற படிவம் வரும் என்கிறார்களே?

வரலாம். அங்கே வரம்பு 600 டாலர். அந்தப் படிவத்தில் இருப்பது மொத்தத் தொகை. தபால் செலவு, தளத்தின் கமிஷன் எதுவும் கழிக்கப்பட்டிருக்காது. நீங்கள் சோபாவை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது தளத்துக்குத் தெரியாது. வரித்துறைக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதற்கும் ரசீது இருக்க வேண்டும். படிவம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். நட்டத்துக்கு விற்ற சொந்தப் பொருள் என்று வரிக் கணக்கில் காட்டி அதைப் பூஜ்யமாக்க வழி இருக்கிறது.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதில் தவறு. நல்லவேளை, ஒருவர் பிடித்துவிட்டார்.

600 டாலர் என்பது 2021இல் கொண்டுவந்த சட்டம். கொண்டுவந்தார்களே தவிர, நடைமுறைப்படுத்தாமல் ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிப்போட்டார்கள். இந்த ஜூலையில் வந்த புதிய சட்டம் பழைய வரம்பையே திரும்பக் கொண்டுவந்துவிட்டது: 20,000 டாலருக்கு மேல், அதோடு 200 பரிமாற்றத்துக்கு மேல். இரண்டும் சேர்ந்து தாண்ட வேண்டும். ஒரு சோபாவுக்கு மத்திய அரசின் கணக்கில் படிவம் வராது. மாநில விதி தனி. மாசசூசெட்ஸ், வெர்மான்ட் போன்ற இடங்களில் 600 டாலரே வரம்பு.

படிவம் வராவிட்டால் வரி இல்லை என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். ஐயா, அப்படி இல்லை. ஆதாயம் வந்திருந்தால் படிவம் வந்தாலும் வராவிட்டாலும் அது வருமானம்தான்.

ஆகஸ்ட் 23

ஒரு வாரமாக எழுதவில்லை. காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது.

ஊருக்கெல்லாம் "வீட்டுப் பொருளுக்கு வரி இல்லை" என்று உபதேசம் செய்துவிட்டு, என் சொந்த விற்பனைப் பட்டியலைத் தளத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்தில் 41 பதிவுகள். முதலில் மொத்தத் தொகையைப் பார்த்துத் தலை சுற்றியது, இவ்வளவா வந்தது என்று. பிறகு புரிந்தது: வாங்கியவர்கள் கொடுத்த தபால் செலவும் அதில் சேர்ந்திருந்தது. ஒரு மேசை விளக்கைத் திருப்பி அனுப்பினார்கள், பணத்தையும் கொடுத்துவிட்டேன். அந்த விற்பனை மட்டும் பட்டியலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது, என் பெயரை மட்டும் மூன்று விதமாகத் தவறாக எழுதி.

அதுவல்ல விஷயம். ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் வீட்டில் பயன்படுத்தியவை, வலப்பக்கம் மற்றவை. விளக்கு, சாய்வு நாற்காலி, மழைக்கோட்டு, அகராதிகள் எல்லாம் இடப்பக்கம். 19ஆம் பதிவுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. கேமரா லென்ஸ். 23, லென்ஸ். 24, லென்ஸ். மொத்தம் ஏழு.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. யாரோ வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய லென்ஸ்களைக் கொடுத்தார்கள், மலிவாக வாங்கினேன். பூஞ்சை பிடித்திருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூடி தேடிப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து ஒவ்வொன்றாக விற்றேன். ஒன்றையாவது கேமராவில் மாட்டி ஒரு படம் எடுத்தேனா? எடுத்தேன், விற்பனைக்குக் காட்ட. பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தின் வலப்பக்கத்தில் அது பொழுதுபோக்கு மாதிரித் தெரியவில்லை.

ஆகஸ்ட் 24

"ஏழு லென்ஸ் விற்பதெல்லாம் வியாபாரமா, ஒரே ஒரு பெட்டிதானே வாங்கினீர்கள்" என்று ஆறுதல் சொன்ன நண்பருக்கு ஒரு கதை.

பிரிட்டனில் 1929இல் தீர்ப்பான ஒரு வழக்கு, ரட்லெட்ஜ் வழக்கு. வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆள், சினிமாத் தொழிலிலும் ஈடுபாடு உள்ளவர். வேறு வேலையாகப் பெர்லின் போனார். அங்கே நொடித்துப்போன ஒரு நிறுவனத்திடம் பத்து லட்சம் கழிப்பறைக் காகிதச் சுருள்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. வாங்கினார், அத்தனையையும் ஒரே ஆளிடம் ஒரே தடவையில் விற்றார். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் லாபம். ஒருமுறைதானே செய்தேன், இது எப்படி வியாபாரம் ஆகும் என்று வாதாடினார். பத்து லட்சம் சுருள் சொந்த உபயோகத்துக்கு என்று யாரும் நம்பமாட்டார்கள், விற்பதைத் தவிர வேறு எதற்கும் வாங்கியிருக்க முடியாது என்ற நிலையில், அது வியாபாரத் தன்மையுள்ள முயற்சிதான் என்று தீர்ப்பாயிற்று.

இந்திய வருமான வரிச் சட்டத்திலும் வியாபாரம் என்ற சொல்லுக்குள் இப்படிப்பட்ட ஒற்றை முயற்சியும் அடங்கும். எத்தனை முறை விற்றீர்கள் என்பது ஓர் அடையாளம் மட்டுமே. எதற்காக வாங்கினீர்கள், எவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள், விற்பதற்காக அதைச் செப்பனிட்டீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். செப்பனிட்டீர்களா என்ற இடத்தில் எனக்குப் பூஞ்சை நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 24, மாலை

பத்து லட்சம் சுருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் எத்தனை தலைமுறைக்கு வரும் என்று ஒருவர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். இந்த இழையின் மிகத் துல்லியமான கணக்கு இதுதான்.

செப்டம்பர் 2

இந்தியாவிலிருந்து ஒரு வாசகி. பாட்டி கொடுத்த சங்கிலியை இணையம் வழியாக விற்றுவிட்டார். "நான் தினமும் கழுத்தில் போட்டிருந்ததுதானே, சொந்த உபயோகப் பொருள்தானே" என்கிறார்.

நியாயமான கேள்வி, ஆனால் பதில் கசக்கும். இந்தியச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருட்களை மூலதனச் சொத்து என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. துணிமணி, மேசை நாற்காலி, சொந்தக் கார் எல்லாம் வெளியே. லாபத்துக்கு விற்றாலும், சொத்து விற்ற லாபத்தின்மேல் விழும் மூலதன ஆதாய வரி இல்லை. ஒருகாலத்தில் நகையும் வெளியேதான் இருந்தது. 1972இல் சட்டத்தைத் திருத்தி உள்ளே இழுத்தார்கள். 2007இல் ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு, கலைப்படைப்புகளையும் இழுத்தார்கள். எனவே சங்கிலிக்கு ஆதாயக் கணக்கு போட்டே ஆக வேண்டும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். வாங்கிய விலைக்குப் பாட்டி கொடுத்த விலையை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். வைத்திருந்த காலத்தில் பாட்டியின் காலமும் சேரும்.

சொந்த உபயோகம் என்றால் என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்ன தீர்ப்பு சுவையானது. முன்னாள் சமஸ்தான மன்னர் ஒருவர் தங்க நாணயம், தங்கக் கட்டி, வெள்ளி நாணயங்களை விற்றார். லட்சுமி பூஜையில் வைத்து வணங்கியவை, ஆகவே சொந்த உபயோகப் பொருட்கள் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண்டுக்கொருமுறை பூஜையில் வைப்பது போதாது, ஒருவருடைய அன்றாட வாழ்வோடு நெருக்கமாக ஒட்டிய பயன்பாடு வேண்டும் என்றது.

பான் எண் கேட்பது பற்றியும் அவரே கேட்டார். இணைய வணிகத் தளங்கள் 2020 அக்டோபர் 1 முதல் விற்பவரிடம் ஒரு சதவீதம் வரி பிடித்தன. 2024 அக்டோபர் 1 முதல் அது 0.1 சதவீதம். தனிநபர் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குள் விற்று, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடிக்க வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால் ஐந்து சதவீதம் வரை பிடிப்பார்கள். முதல் நாள் "எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்" என்று சொன்னதன் இந்தியப் பதிப்பு இது.

செப்டம்பர் 3

இல்லை அம்மா, சங்கிலியை லட்சுமி பூஜையில் வைத்திருந்தேன் என்று சொன்னாலும் நடக்காது. மன்னருக்கே நடக்கவில்லை.

செப்டம்பர் 5

பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்கிறார்களே? 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்த அன்றே கிளம்பிய பதற்றம் இது. அது பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதுவும் அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல் மட்டும். ஒருவர் தம் சொந்தக் காரை இன்னொருவருக்கு விற்பதில் ஜிஎஸ்டி இல்லை. அடுத்த கேள்வி.

செப்டம்பர் 19

எங்கள் வீட்டில் அப்பாவின் சுவர்க் கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஊசல் வைத்தது, வாரத்துக்கொருமுறை சாவி கொடுக்க வேண்டும். விற்கலாம் என்று இறக்கினேன். கதவைத் திறந்தால் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில் ஒவ்வொரு பழுதுபார்ப்பும்: தேதி, என்ன செய்தார்கள், எவ்வளவு கொடுத்தார். மூன்று இடத்தில் "ஸ்பிரிங் மாற்றியது". ஓர் இடத்தில் "மறுபடி அதே ஸ்பிரிங்", அதன்கீழ் இரண்டு கோடு. வாங்கிய விலை மட்டும் எங்கும் இல்லை.

இங்கேதான் ரசீதின் அருமை தெரிகிறது. வாங்கிய விலையைக் காட்ட முடியாவிட்டால் விற்ற தொகை முழுவதையும் ஆதாயம் என்று யாராவது சொன்னால் நீங்கள் எதை வைத்துப் பேசுவீர்கள்? பழைய மின்னஞ்சல், வங்கிக் கணக்குப் பதிவு, அட்டைப்பெட்டியில் ஒட்டிய விலைச்சீட்டு, எது கிடைத்தாலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் இப்போது எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போடுகிறேன், பெயர் "மறுபடி அதே ஸ்பிரிங்".

வாரிசாக வந்த பொருளுக்கு விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முன்னவர் இறந்த நாளின் மதிப்பே உங்களுக்கு அடக்கவிலை. அவர் என்ன கொடுத்தார் என்று தேட வேண்டியதில்லை. இந்தியாவில் முன்னவர் கொடுத்த விலைதான். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து அதையும் எழுதியிருப்பார்.

செப்டம்பர் 28

கடிகாரத்துக்கு வரி எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்க ஆளில்லை, கடிகாரத்துக்கு இவ்வளவு கரிசனம்.

பிரிட்டன்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கடிகாரம் அங்கே இயந்திரம். இயந்திரம் என்றால் தேய்ந்து அழியும் சொத்து என்று சட்டம் கொள்கிறது, ஆயுள் 50 ஆண்டுக்கு மேல் இராது என்று. நூறு ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும் அப்படியே. எனவே மூலதன ஆதாய வரி இல்லை. மற்றப் பொருட்களில் ஒன்று 6,000 பவுண்டுக்குமேல் விற்றால்தான் அந்தக் கணக்கே வரும்.

இதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய வீட்டுப் பிரபுவின் உயிலை நிறைவேற்றுபவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த 'ஓமாய்' ஓவியம், 2001இல் 94 லட்சம் பவுண்டுக்கு விற்றது. பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்த காஸில் ஹோவர்ட் மாளிகையில் அந்த ஓவியம் தொங்கியதால் அது தொழிலின் தளவாடம், தளவாடம் தேய்ந்து அழியும் சொத்து, ஆகவே வரி இல்லை என்று வாதம். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது! இருநூறு ஆண்டு தாண்டிய ஓவியம், சட்டப்படி ஐம்பதில் அழியவேண்டியது. அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு நாள்காட்டிப் படத்தைத் தளவாடம் என்று சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அக்டோபர் 12

புலம்பல் நேரம்.

41 பதிவுகளில், திருப்பி வந்த விளக்கை விட்டால், 33 நட்டம். சாய்வு நாற்காலி மட்டும் வாங்கிய விலையில் கால்பங்குக்குப் போனது. ஏழு லென்ஸில் லாபம். இந்த நட்டத்தை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டேன், மிக அழகாகப் பூஜ்யத்துக்குக் கீழே போனது. கழிக்க முடியாது. நாற்காலியில் நான் உட்கார்ந்து தேய்த்தது என் சொந்த நுகர்வு. லாபம் வந்தால் அரசு பங்காளி, நட்டம் வந்தால் நீ யாரோ நான் யாரோ.

கனடா வாசகர் ஒருவர் தங்கள் நாட்டிலும் இதே கதைதான் என்கிறார், ஆனால் அங்கே ஒரு சலுகை உண்டு. சொந்த உபயோகப் பொருளின் அடக்கவிலை, விற்றவிலை இரண்டையும் குறைந்தது ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வார்கள். முந்நூறுக்கு வாங்கித் தொள்ளாயிரத்துக்கு விற்றாலும் ஆயிரத்தில் ஆயிரம் போய் ஒன்றுமில்லை. சில்லறைக்காக யாரும் அலைய வேண்டியதில்லை. இப்படி ஒரு கோட்டைக் கிழித்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

ஜெர்மனியிலும் கோடு உண்டு, ஆனால் அது பொல்லாத கோடு. அன்றாடப் பயன்பாட்டுப் பொருளுக்குக் கேள்வியே இல்லை. மற்றவற்றை ஓராண்டு தாண்டி விற்றால் கேள்வியில்லை. ஓராண்டுக்குள் விற்றால், ஆண்டின் மொத்த ஆதாயம் 1,000 யூரோவை எட்டாதவரை வரி இல்லை. எட்டிவிட்டால் மிஞ்சியதற்கு மட்டுமல்ல, முதல் யூரோவிலிருந்து கணக்கு. 2023 வரை அந்தக் கோடு 600இல் இருந்தது.

அக்டோபர் 13

நேற்றைய "நீ யாரோ நான் யாரோ" பற்றி இரண்டாம் யோசனை. நாற்காலி நட்டத்தை ஒப்புக்கொண்டால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு பழைய செருப்புக்கும் வரிச் சலுகை கேட்டு வரிசை நிற்கும். சரி, ஒப்புக்கொள்கிறேன். புலம்பலைத் திரும்பப் பெறவில்லை.

நவம்பர் 4

லென்ஸ் விவகாரம் முடிந்தது. பெட்டிக்குக் கொடுத்த விலை, துடைக்க வாங்கிய திரவம், மூடிகள், தபால், கமிஷன் எல்லாம் கழித்து, மிச்சத்தை வியாபார வருமானமாகக் காட்டித் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்துவிட்டேன். கட்டிய வரி, ஒரு நல்ல லென்ஸ் மூடியின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு மாதம் வயிற்றில் புளியைக் கரைத்தது இதற்குத்தான். திருப்பி வந்த மேசை விளக்கு இன்னும் தளத்தின் பட்டியலில் விற்பனையாகவே நிற்கிறது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிய வங்கிச் சான்றைத் தாக்கலோடு வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி கேட்டவர் எண்ணைக் கொடுத்தாராம், பணம் வந்துவிட்டதாம். 37 பொருட்களும் வீட்டில் பயன்படுத்தியவை என்று மறுபடி எழுதியிருக்கிறார். தையல் இயந்திரத்துக்கு மட்டும் ரசீது இருக்கிறதாம், அவர் மாமியார் பத்திரமாக வைத்திருந்தது.

நவம்பர் 6

கடிகாரத்தைப் பட்டியலில் போட்டேன். ஒருவர் உடனே கேட்டார்: ஓடுமா? ஓடும், வாரம் நான்கு நிமிடம் பிந்தும் என்று எழுதினேன். உள்ளே ஒட்டியிருக்கும் காகிதமும் சேர்த்தா என்றார். படத்தில் தெரிந்திருக்கிறது.

பட்டியலை எடுத்துவிட்டேன். காகிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.